உழைக்கப் போகிறவனிடம் கூலி கேட்பதா?

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிக் குடியிருக்கும் மேஸ்திரி ஒருவர் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரை எழுப்பியவர் அவர்தாம். ஒரு பௌர்ணமிக்கு முந்திய நாள் மாலை, ஊரெல்லாம் கூட்டத்துக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த நேரத்தில், அவர் என்னைத் தேடி வந்தார். கையில் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டு ஒன்று இருந்தது.

"பாய், இதைக் கொஞ்சம் கூட்டிப் பாத்துச் சொல்லுங்க. நான் கூட்டினா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வருது" என்றார்.

அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். தந்தையிடமே கொத்து வேலை கற்றவன். 2024ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். சம்பளம் மாதம் 1,000 ரியால். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஏறத்தாழ 22,000 ரூபாய். அவனை அனுப்பி வைக்க ஆன செலவுதான் அந்த நோட்டில் இருந்தது.

பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். காவல்துறைச் சான்றுக்கு 500. குடிபெயர்வு அனுமதிக்கு 200. கட்டாயக் காப்பீட்டுக்கு 275. மருத்துவச் சோதனைக்கும் சென்னைக்குப் போய்வந்ததற்கும் 7,500. முகவருக்கு 1,20,000. கூட்டிப் பார்த்தேன். ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு இருபத்தைந்து ரூபாய் குறைவு.

"ஏஜெண்டு ரசீது கொடுத்தாரா?" என்று கேட்டேன்.

"கொடுத்தாரு பாய். முப்பத்தஞ்சாயிரத்து நானூறுக்குக் கொடுத்தாரு. மிச்சத்துக்குக் கேட்டா, சட்டத்துல அவ்வளவுதான் எழுத முடியும்னாரு."

அந்த ஒரு வரியைக் கேட்டபோதுதான் இந்தக் கட்டுரை எழுத வேண்டும் என்று தோன்றியது. மிச்சம் 84,600 ரூபாய்க்கு ரசீது இல்லாமற் போனது ஒரு குற்றம். அதை யாவரும் அறிவர். ஆனால் ரசீது கிடைத்த அந்த 35,400 ரூபாய் எப்படிக் குற்றமில்லாமற் போயிற்று? வேலைக்குப் போகிற ஓர் ஏழையிடம் அவ்வளவு தொகையை வாங்கலாம் என்று எழுதி வைத்தவர் யார்? என் வழக்கு அந்த முகவரோடு அன்று. அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்த சட்டத்தோடு.

மூவகைப் பணம்

வாசகப் பெருமக்கள் பொறுமையோடு இக்கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டுகிறேன். அரசு கேட்கும் பணமெல்லாம் அநியாயம் என்று கூக்குரலிடுவது என் நோக்கமன்று. நியாயமானதை நியாயம் என்று ஒப்புக்கொண்டால்தான் அநியாயத்தை அநியாயம் என்று சொல்ல நமக்கு வாய் இருக்கும்.

முதலாவது, ஆவணத்துக்குரிய விலை. பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் வாங்குகிறார்கள். 2012ஆம் ஆண்டு வரை அது 1,000 ரூபாயாக இருந்தது. அந்தப் புத்தகம் பத்தாண்டுகளுக்குச் செல்லும். செல்வர்க்கும் ஏழைக்கும் ஒரே கட்டணம். காவல்துறைச் சான்றுக்கு 500 ரூபாய். இவற்றைப் பற்றி எனக்குப் பெரிய முறையீடு இல்லை. அரசு ஒரு வேலையைச் செய்கிறது. அதற்குரிய செலவைக் கேட்கிறது.

இரண்டாவது, பாதுகாப்பின் பெயரால் வாங்கும் பணம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி பெற வேண்டும். அதற்கு 200 ரூபாய். அத்துடன் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்னும் காப்பீட்டை எடுத்தாக வேண்டும். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய். மூன்று ஆண்டுக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும். காப்பீடு நல்லதுதான், தொகையும் சிறிதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். துபாய்க்குப் போகும் பொறியாளர் இந்த அனுமதிக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை. அவருக்கு அது தேவையே இல்லை. படிக்க வாய்ப்பில்லாதவன்தான் தன்னைப் பாதுகாக்கும்படி அரசிடம் கட்டணம் செலுத்துகிறான். பாதுகாப்பு யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவனிடமே அதற்கு விலை கேட்பது என்ன நீதி?

வெளிநாட்டிலுள்ள நம் தூதரகங்கள் 2009ஆம் ஆண்டு முதல் ஒரு சமூக நல நிதியை நடத்தி வருகின்றன. சம்பளமின்றித் தவிப்பவனை ஊருக்கு அனுப்பவும், இறந்தவனின் உடலைக் கொண்டுவரவும் அந்நிதி உதவுகிறது. பல வீடுகளில் அதை நன்றியோடு நினைப்பார்கள். ஆயினும் அந்நிதி எங்கிருந்து வருகிறது? தூதரகத்தில் பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் சான்றொப்பம் பெறவும் வரும் மக்களிடம் ஒவ்வொரு முறையும் சிறிது கூடுதலாக வாங்கிச் சேர்க்கும் பணம் அது. நம் பிள்ளைகள் தம் கபனுக்குத் தாமே சந்தா செலுத்துகிறார்கள் என்று சொன்னால் மிகையாகுமா?

மூன்றாவதுதான் பெரியது. அதற்கு அரசுக் கட்டணம் என்ற பெயரே இல்லை.

பெயரில்லாத கட்டணம்

பதிவு பெற்ற முகவர் ஒருவர் வேலைக்குப் போகிறவரிடம் 30,000 ரூபாய் வரை சேவைக் கட்டணம் வாங்கலாம் என்று குடிபெயர்வு விதி அனுமதிக்கிறது. அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி. அது 5,400 ரூபாய். ஆக 35,400. மேஸ்திரியின் ரசீதில் இருந்த தொகை இதுவே.

இப்போது மீண்டும் கூட்டுவோம். பாஸ்போர்ட், காவல்துறைச் சான்று, குடிபெயர்வு அனுமதி ஆகிய மூன்றுக்கும் சேர்த்து அரசு வாங்கியது 2,200 ரூபாய். முகவரின் கட்டணத்தின்மேல் வரியாக வாங்கியது 5,400 ரூபாய். அதாவது, கட்டணம் என்று சொல்லி வாங்கியதைப்போல் இரண்டரை மடங்கு பணத்தை அரசு கட்டணம் என்று சொல்லாமலே வாங்கிவிட்டது. ஊர் எல்லையைத் தாண்டு முன்பே அந்தப் பையன் அரசுக்கு 7,600 ரூபாய் செலுத்தியிருக்கிறான். அவன் இன்னும் ஒரு ரியால்கூடச் சம்பாதிக்கவில்லை.

வரி என்பது வருவாய் உள்ளவன் தருவது, அல்லது ஒரு பொருளை வாங்கி நுகர்பவன் தருவது. இவன் எதை நுகர்ந்தான்? தன் உழைப்பை விற்க வழி கேட்டான். முகவரின் வாடிக்கையாளர் உண்மையில் யார்? ஆள் வேண்டும் என்று கேட்டு எழுதிய சவூதி நிறுவனம்தான். சந்தையில் மாடு வாங்குகிறவன் தரகு கொடுக்கலாம்; விற்கிறவன் கொடுக்கலாம்; மாடே தரகு கொடுத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. நம் நாட்டுக் குடிபெயர்வுச் சட்டத்தில் மட்டும் அது நடக்கிறது.

வட்டி இல்லாமலா இந்தப் பணம் வந்தது? மேஸ்திரி ஒரு இலட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கினார். மாதம் 3,000 ரூபாய் வட்டி. பையன் மாதம் 15,000 அனுப்புகிறான். வீட்டுச் செலவுக்கு 8,000 எடுத்துக்கொண்டு மிச்சம் 7,000 ரூபாயைக் கடனுக்குக் கட்டினால், முதலும் வட்டியும் தீரப் பத்தொன்பது மாதங்கள் ஆகும். அவன் ஒப்பந்தமோ இருபத்து நான்கு மாதங்கள். பாலைவனத்து வெயிலில் பத்தொன்பது மாதம் பிறருக்காகவும் ஐந்து மாதம் தனக்காகவும் உழைப்பவனைத்தான் நாம் "ஃபாரின் போயிட்டான்" என்று பெருமையாகச் சொல்கிறோம். இடையில் நிறுவனம் மூடப்பட்டால், கை முறிந்தால், சம்பளம் நின்றால் கடன் மட்டும் நிற்காது. இத்தகையவன் சம்பளம் குறைந்தாலும் எதிர்த்துப் பேசமாட்டான். வேலை மாறினாலும் வாய் திறக்கமாட்டான். கடன் அவன் வாயைக் கட்டியிருக்கிறது. அயல்நாட்டு முதலாளிக்கு இதைவிட வசதியான ஊழியன் யார்?

அங்கே ஒரு சட்டம், இங்கே ஒரு சட்டம்

வளைகுடா நாடுகளின் சட்டமே இப்படித்தான் இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது தவறு.

சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு, அயல்நாட்டுத் தொழிலாளியை வரவழைக்கும் கட்டணம், இகாமா கட்டணம், வேலை அனுமதிக் கட்டணம், அவற்றைப் புதுப்பிக்கும் செலவு, தாமதத்துக்கான அபராதம் ஆகிய அனைத்தையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம், ஆளெடுப்புச் செலவை நேராகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் வாங்குவதைத் தடை செய்கிறது. கத்தாரின் 2004ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் ஆளெடுக்கும் உரிமம் பெற்றவர் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. உலக அளவில், சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1997ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 181ஆம் ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு, தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கலாகாது என்பதை விதியாகவே வகுத்துவிட்டது. இந்தியா அவ்வொப்பந்தத்தை ஏற்று உறுதி செய்யவில்லை.

அந்தச் சட்டங்கள் அங்கே முழுதும் செயற்படுகின்றன என்று நான் சொல்லவில்லை. அங்கே நடக்கும் கொடுமைகளும் நமக்குத் தெரியும். ஆனால் எழுத்தளவிலாவது அவர்கள் "தொழிலாளியிடம் வாங்காதே" என்கிறார்கள். நம்மவரோ எழுத்திலேயே "முப்பதாயிரம் வாங்கிக்கொள், எனக்கு ஐயாயிரத்து நானூறு கொடு" என்கிறார்கள். அயலான் தன் சட்டத்தில் காட்டிய கருணையைக்கூடத் தாய்நாடு தன் சட்டத்தில் காட்டவில்லை.

வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு நம் தமிழ் மக்கள் கப்பலேறிய காலம் அது. 1907ஆம் ஆண்டில் அங்கே தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்றை ஆங்கிலேயர் ஏற்படுத்தினார்கள். தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த தோட்ட முதலாளிகள் யாவரிடமும் அதற்கு வரி வாங்கினார்கள். அந்த நிதியிலிருந்துதான் தொழிலாளரின் கப்பற் பயணச் செலவு கொடுக்கப்பட்டது. தோட்டத்துரைமார் தர்மவான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆளெடுக்கும் செலவு ஆள் தேடுபவனுடையது என்ற சாதாரண நியாயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இலங்கைத் தோட்டங்களில் கங்காணி முன்பணம் கொடுத்துத் தொழிலாளியைக் கடனில் கட்டிப்போட்ட "துண்டு" முறையை ஒழிக்கவும் 1921ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. அடிமை நாட்டுக் காலத்தில் கடன் துண்டு தவறு என்று உணர முடிந்தது. சுதந்திர நாட்டில் அதே கடனை முகவரின் ரசீது வடிவில் சட்டபூர்வமாக்கி அதற்கு வரியும் விதித்திருக்கிறோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர், புதிய ஹெச்-1பி விசா விண்ணப்பங்களுக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் விதித்து ஆணை பிறப்பித்தார். நாடே கொந்தளித்தது. நாளேடுகள் தலையங்கம் எழுதின. தொலைக்காட்சிகள் இரவு பகலாக விவாதித்தன. வெளியுறவு அமைச்சகம் அறிக்கை விட்டது. அந்தக் கட்டணம் கொடிதுதான். ஆனால் அதைச் செலுத்த வேண்டியவர் வேலைக்குப் போகும் இளைஞர் அல்லர். அவரை எடுக்கும் நிறுவனம். கணினிப் பொறியாளருக்காக அமெரிக்க நிறுவனம் செலுத்த வேண்டிய கட்டணத்துக்கு இத்தனை ஆரவாரம். கொத்தனாரின் மகன் தானே கடன் வாங்கிச் செலுத்தும் கட்டணத்துக்கு ஒரு மூலையிலும் முணுமுணுப்பு இல்லை. அமெரிக்கா கேட்டால் அநியாயம். நம் அரசே கேட்டால் நடைமுறையா?

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

இதற்கு மறுமொழிகள் உண்டு. அவற்றை நேர்மையாக எடுத்து எடைபோடுவது கடமை.

"கட்டணத்தை அடியோடு தடை செய்தால் எல்லாம் மறைமுகமாகிவிடும், முப்பதாயிரம் என்ற வரம்பு இருப்பதால்தான் ஓரளவு கட்டுப்பாடு" என்பர் சிலர். மேஸ்திரியின் நோட்டைப் பாருங்கள். 84,600 ரூபாய் ஏற்கெனவே மறைமுகமாகத்தான் போயிருக்கிறது. வரம்பு அதைத் தடுக்கவில்லை, மறைத்துக் கொடுத்தது. ஒரு இலட்சத்து இருபதாயிரம் வாங்கிய முகவர் 35,400க்கு ரசீது நீட்டி, சட்டத்தைக் காப்பாற்றிய நல்லவராக நிற்கிறார். ஒரு காசும் வாங்கக் கூடாது என்ற சட்டம் இருந்தால், வாங்கிய ஒவ்வொரு ரூபாயும் குற்றத்துக்குச் சாட்சியாகும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் "பணம் கேட்டால் அவன் திருடன்" என்று புரிந்துகொள்வாள். சதவிகிதக் கணக்கும் வரம்புக் கணக்கும் ஏழைக்கு விளங்குவதில்லை, சூனியம் விளங்கும்.

"தண்டனை இருக்கிறதே" என்பர். இருக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, வரம்புக்கு மேல் வாங்கிய முகவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இரண்டாயிரம் ரூபாய்! ஒரே ஆளிடம் எண்பதாயிரத்துக்கு மேல் சுருட்டியவனுக்கு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தொகை அசையவில்லை. ஏழையின் பாஸ்போர்ட் கட்டணம் ஏறியிருக்கிறது. முகவர் வாங்கத்தக்க கட்டணத்தின் வரம்பு ஏறியிருக்கிறது. முகவருக்குரிய அபராதம் மட்டும் அன்று போட்டபடியே இருக்கிறது.

"நாம் முதலாளியிடம் செலவைக் கேட்டால் அவன் வங்காளதேசத்துக்கும் நேபாளத்துக்கும் போய்விடுவான்" என்பது மூன்றாவது சமாதானம். இந்த அச்சத்தின் பெயரால்தான் 2020 செப்டம்பரில் வளைகுடாத் தொழிலாளருக்கான குறைந்தபட்சப் பரிந்துரைச் சம்பளத்தையே மத்திய அரசு வெட்டியது. எதிர்ப்புக் கிளம்பி, வழக்கும் தொடுக்கப்பட்ட பின் 2021இல் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டும் பாடம் கற்கவில்லையா? நம்மைவிட மிகச் சிறிய நாடான நேபாளம் 2015ஆம் ஆண்டில், வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் போகும் தன் தொழிலாளரின் விசாவையும் பயணச் சீட்டையும் முதலாளியே கொடுக்க வேண்டும் என்றும், முகவர் 10,000 நேபாள ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்றும் கொள்கை வகுத்தது. பிலிப்பைன்ஸ் நாடு 2006ஆம் ஆண்டு முதலே வீட்டுப் பணிக்குப் போகும் பெண்களிடம் ஆளெடுப்புக் கட்டணம் வாங்குவதைத் தடை செய்துவிட்டது. அந்நாட்டுப் பெண்களுக்கு வேலை கிடைக்காமலா போயிற்று? நேபாளத்தில் அந்தக் கொள்கை ஒழுங்காக நடைபெறவில்லை என்பதும் உண்மைதான். சட்டம் போட்டால் மட்டும் போதாது, கண்காணிப்பும் வேண்டும் என்பதுதான் அதிலிருந்து பெறும் பாடம். சட்டமே வேண்டாம் என்பதன்று.

கடைசியாக, "அரசுக்கு வருவாய் வேண்டாமா?" என்பர். 2023ஆம் ஆண்டில் குடிபெயர்வு அனுமதி பெற்றுப் போனவர்கள் ஏறத்தாழ 4 இலட்சம் பேர். அத்தனை பேரும் முகவர் வழியாகவே போய், முழு வரியும் செலுத்தினார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் 216 கோடி ரூபாய். அயல்நாட்டிலிருந்து நம் மக்கள் 2024ஆம் ஆண்டில் தாயகத்துக்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 12,900 கோடி டாலர். பத்து இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். உலகில் வேறெந்த நாடும் இவ்வளவு பெறவில்லை. பாற்கடலைக் கொண்டுவந்து கொட்டுகிறவனிடம் புறப்படும்போது ஒரு படி மோர் கேட்பதற்குப் பெயர் பொருளாதாரமா?

நம் வீட்டுக் குற்றம்

அரசை மட்டும் சாடிவிட்டுக் கைகழுவிப் போனால் அது பாதி உண்மையே ஆகும். மறுபாதி நம் வீட்டுக்குள் இருக்கிறது. சொல்ல வாய் கூசுகிறது, சொல்லாமலிருக்கவும் முடியவில்லை.

"ஃப்ரீ விசா" என்று ஒன்றை நம் சமுதாயத்தில் அறியாதவர் இல்லை. அதில் ஃப்ரீயாக இருப்பது ஒன்றுமே இல்லை. வேலையே இல்லாத ஒரு கபீலின் பெயரில் விசா எடுத்து, அதை ஊரிலுள்ள ஒருவனுக்கு விற்கிறார்கள். விற்பவர் பெரும்பாலும் யார்? அரபி அல்லர். அங்கே பத்துப் பதினைந்து ஆண்டு இருந்து பழகிய நம் மாமன், மச்சான், சாச்சா. தாம் ஒரு காலத்தில் கடன்பட்டு வந்த கொடுமையை மறந்து, தம்பி மகனிடமே இலாபம் பார்க்கிறார்கள். வாங்கிப் போனவன் இறங்கிய நாளிலிருந்து சட்டத்துக்குப் புறம்பானவன். கபீலிடம் இல்லாமல் வேறிடத்தில் வேலை செய்வதால் பிடிபட்டால் சிறை. பிடிபடாவிட்டால் ஆண்டுதோறும் கபீலுக்குக் கப்பம்.

அடுத்தது இன்னும் வேதனையானது. விசாவுக்குரிய பணத்தை மணப்பெண் வீட்டில் கேட்கும் வழக்கம். கைக்கூலி என்று நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்கூட "மாப்பிள்ளைக்கு விசாவுக்கு ஒத்தாசை" என்று கேட்கத் தயங்குவதில்லை. பெண்ணைப் பெற்றவன் நகையை அடகு வைக்கிறான். வட்டியை ஹராம் என்று சொல்லும் மார்க்கத்தில் பிறந்து, வட்டிப் பணத்தில் விசா வாங்கி, அந்த விசாவைக் காட்டித் திருமணமும் செய்கிறோம். மேஸ்திரியின் மகனிடம் முகவர் வாங்கியதற்கும் நம் வீட்டுப் பிள்ளையிடம் நாமே வாங்குவதற்கும் என்ன வேறுபாடு? ரசீது இரண்டிலும் இல்லை.

பத்தாம் வகுப்புத் தேறாத பிள்ளைகளைக் குடிபெயர்வு அனுமதியின் அலைச்சலிலிருந்து தப்பிக்க வைப்பதாகச் சொல்லிச் சுற்றுலா விசாவில் அனுப்புவோரும் நம்மிடையே உண்டு. 200 ரூபாயும் சில நாட்களும் மிச்சம் என்று எண்ணுகிறார்கள். அனுமதியில்லாமல் போனவனுக்கு வேலை ஒப்பந்தத்தின் பாதுகாப்பு இல்லை, காப்பீடும் இல்லை. அவன் அங்கே இறந்தால் பத்து இலட்சம் கேட்க அவன் மனைவியிடம் ஒரு துண்டுச் சீட்டும் இராது. கட்டணம் அநியாயம் என்பதற்காகப் பாதுகாப்பையே துறப்பது, குடை கனக்கிறது என்று மழையில் எறிவதற்கு ஒப்பாகும்.

செய்ய வேண்டியவை

2015ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தமிழ்நாட்டுக் குடிபெயர்வு ஆய்வு, தமிழ்நாட்டிலிருந்து அயல்நாடு சென்றிருப்போர் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் என்று கணக்கிட்டது. இத்தனை குடும்பங்களின் குரலை எந்தக் கட்சி ஒதுக்க முடியும்? குரல்தான் எழவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2021ஆம் ஆண்டிலும் 2025ஆம் ஆண்டிலும் மத்திய அரசு வரைவு மசோதாக்களை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. நம் ஜமாஅத்துகளில் எத்தனை, ஒரு பக்கக் கடிதமாவது எழுதி அனுப்பின? பிறை பார்ப்பதில் கருத்து வேறுபட்டால் பத்துப் பக்கம் பிரசுரம் அடிக்கிறோம்.

மத்திய அரசிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்றே. ஒன்று: தொழிலாளியின் ஆளெடுப்புக் கட்டணத்தின்மேல் விதிக்கும் 18 விழுக்காடு வரியை உடனே நீக்குக. இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. வரி மன்றத்தின் ஒரு முடிவு போதும். இரண்டு: ஆளெடுப்புச் செலவு முழுவதும் முதலாளியுடையது என்று சட்டத்தில் எழுதுக, குடிபெயர்வு அனுமதிக் கட்டணத்தையும் காப்பீட்டுத் தொகையையும் அவனிடமே வாங்குக. மூன்று: தொழிலாளியிடம் பணம் வாங்கிய முகவருக்கு வாங்கியதைப்போல் பன்மடங்கு அபராதமும், வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும் கட்டாயமும் விதிக்குக. பதிவு பெற்ற முகவர் 50 இலட்சம் ரூபாய் வங்கி உறுதி கொடுத்திருக்கிறார் அல்லவா? ஏமாந்தவனுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும்.

மாநில அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று. தமிழக அரசு 1978ஆம் ஆண்டிலேயே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அமைத்தது. நாட்டில் முன்னோடியான முயற்சிகளில் ஒன்று. அந்நிறுவனத்தின் வழியாகப் போகும் எந்தக் கூலித் தொழிலாளியிடமும் ஒரு காசும் வாங்குவதில்லை என்று அறிவிக்கட்டும். அரசே வழிகாட்டினால் தனியார் எத்தனை நாள் எதிர்த்து நிற்பர்?

நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவையும் உண்டு. ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த இளைஞர் இருவர், வேலை ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லவும், முகவர் பதிவு பெற்றவர்தாமா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துச் சொல்லவும் வாரம் ஒரு நாள் அமரலாம். பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். ஆனால் முகவரின் கள்ளப் பணத்துக்கு அல்லாமல், ரசீதுள்ள செலவுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். விசா விற்றவர் என்று தெரிந்தவரை ஜமாஅத் மேடையில் பொன்னாடை போர்த்திப் பாராட்டுவதையேனும் நிறுத்தலாம். நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமன்றி, அடி அண்ணாமலை மேஸ்திரியின் பிள்ளைக்கும் இந்த உதவி கிடைக்கச் செய்வதே நமக்கு அழகு. கடனும் வெயிலும் மதம் பார்த்து வருவதில்லை.

கணக்கைக் கூட்டி முடித்து நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது மேஸ்திரி கேட்டார்: "பாய், கவர்மெண்டுக்குக் கட்டினது அந்த ரெண்டாயிரத்துச் சொச்சம்தானே? அது பரவாயில்லைங்க."

ரசீதை எடுத்து, கீழே சிறிய எழுத்தில் இருந்த வரித் தொகையை விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்குங்க பாய்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் டில்லியில் இருக்கிறார்கள். கேட்க வேண்டியவர்கள் இங்கே இருக்கிறோம்.